ஒட்டுப்போர்வை மன்றமும் ஒரு பழைய வேட்டியும்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் சும்மா செய்யத் தெரிவதில்லை. கோலம் போட்டால் அதற்கு ஒரு போட்டி, போட்டிக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு சால்வை, சால்வை போர்த்த ஒரு மேடை. முன்னெல்லாம் வீட்டில் நாலு துணி கிழிந்து கிடந்தால் பொம்பளை ஊசியை எடுத்தாள், கிழிசலை அடுக்கினாள், போர்வையாகத் தைத்தாள், ஊசியைச் சுவரில் செருகிவிட்டுச் சோறாக்கப் போனாள். இப்போது அதே கிழிசலைத் தைக்க மைக்செட் வேண்டியிருக்கிறது. மைக்செட்டுக்காரன் பொம்மிடியிலிருந்து வந்து சேருகிறவரைக்கும் ஊசி காத்திருக்கிறது.

பாறைக்கொல்லையில் இதை வாய்விட்டுச் சொல்லித் திரிந்த ஒரே ஆள் பெரியநாயகம். யாரும் அவரை மதிக்கவில்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனுஷன், எந்தக் காகிதத்தைக் கண்டாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறவர், அவர் பேச்சு யாருக்கு வேண்டும்? "பெருசுக்கு வயசாயிப் போச்சு" என்றார்கள். வயசானது உண்மைதான். ஆனால் அவருடைய வேட்டி போனதும் உண்மைதான்.

மன்றம் பிறந்த கதை சின்னது. போன வருஷம், அதாவது எண்பத்தைந்தில், மழைக்காலத்தில் ஜீப்பில் வந்த ஒரு இயக்குநர் அம்மாவுக்கு ஊருக்கு வெளியே சக்கரம் பஞ்சராகிவிட்டது. என்ன இயக்குகிறவர் என்று அன்றைக்கும் யாருக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. சக்கரம் மாற்றுகிற நேரத்தில், தீர்த்தம்மாள் வீட்டு வேலியில் காய்ந்துகொண்டிருந்த ஒட்டுப்போர்வையைப் பார்த்தார். பேரன் ராத்திரி நனைத்த போர்வை. இயக்குநர் அம்மா அதை எடுத்து முகத்தில் வைத்து ஆழமாக மூச்சை இழுத்து, "ஆகா, மண்ணின் மணம்" என்றார். தீர்த்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்து நாளில் 'பாறைக்கொல்லை வட்டார ஒட்டுப்போர்வைக் கலை மகளிர் முன்னேற்ற மன்றம்' தோன்றிவிட்டது. தலைவி, பெரிய பண்ணை வீட்டுத் தங்கம்மாள். ஊசியைக் கடைசியாக எப்போது தொட்டார் என்று அவருக்கே நினைவில்லை. செயலாளர் அர்ச்சுனன், ஏதோ ஒரு ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்கள் மன்றத்துக்கு ஆண் செயலாளர் எதற்கு என்று பெரியநாயகம் ஒருநாள் கேட்டார். "மகளிர் சுதந்திரமா முடிவெடுக்கணுமுங்க. அந்த முடிவு என்னான்னு சொல்றதுக்கு ஒரு ஆம்பள வேணுமுங்களே" என்றார் அர்ச்சுனன்.

இருக்கட்டும், யாருக்கு நட்டம் என்று விட்டுவிட்டார் பெரியநாயகம். ஒருநாள் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் நட்டம் யாருக்கு என்று தெரிந்தது.

"ஏம்மா ஆரோக்கியம், பொட்டியில வெச்சிருந்த வேட்டி எங்க?" என்று மருமகளைக் கேட்டார்.

"அந்தப் பழசுங்களா மாமா? மன்றத்துக்குக் குடுத்துட்டன். ஆளுக்கு ஒரு மூட்டை பழந்துணி குடுத்தாத்தான் சேத்துக்குவாங்களாம். மூட்டை சின்னதா இருந்துச்சு. உங்க வேட்டிய வெச்சதும் சரியாயிருச்சு."

"அது எதுக்கு எடுத்து வெச்சதுன்னு தெரியுமா உனக்கு?"

"அடுப்புத்துணிக்குன்னு நெனச்சனுங்க."

உள்ளே பாயில் படுத்திருந்த மகள் சகாயமேரி எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அண்ணியைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்தாள்.

அவளுக்கு இது மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் பென்னாகரம் பக்கம் புருஷன் ஊரில் பிறந்தவை. தலைப்பிள்ளை என்று மாமியார் பெருமையாகப் புதுத் துண்டு வாங்கிவந்து அதில்தான் ஏந்தினாள். ஒரு வாரம் இருந்தது. அடுத்ததும் புதுத் துணிதான். அது அந்த ஒரு வாரம்கூட இருக்கவில்லை. பச்சைப்பிள்ளையைப் புதுத் துணியில் ஏந்தக் கூடாது, ஆகிவந்த ஆள் கட்டிப் பழசான துணியில்தான் ஏந்த வேண்டும் என்று ஊரில் பிரசவ மருத்துவம் பார்க்கும் தீர்த்தம்மாள் அப்புறம் சொன்னாள். பெரியநாயகம் ஏழு பெற்றவர். ஏழும் நின்றன. ஒரு குழிகூட அவர் வெட்டியதில்லை. அதனால் அவர் வேட்டிதான் வேண்டும் என்று சகாயமேரி வயிற்றில் பிள்ளை அசைந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேட்டியில் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதைப் பெரியநாயகம் நம்பவில்லை. கோயில் பங்குச் சாமியார் சொன்னாலே முழுசாக நம்புகிறவர் இல்லை அவர். ஆனால் அன்றைக்கு மத்தியானம் மகள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்ததைப் பார்த்தார். ராத்திரிக் கஞ்சியையும் அவள் தொடவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி சாப்பிடவில்லை என்றால் அதை நம்பித்தானே ஆக வேண்டும்?

மறுநாள் காலை மன்றத்துக்குப் போனார்.

பழைய பட்டுக்கூட்டுக் கிடங்கில் மன்றம் நடந்தது. உள்ளே நுழைந்ததும் புதுத்துணி வாசனை மூக்கில் ஏறியது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புத்தம்புதுச் சீட்டித் துணியைக் கத்தரியால் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வட்டம் வெட்டிய சதுரங்களை ஒன்றோடொன்று ஒட்டித் தைத்துக்கொண்டிருந்தது.

பெரியநாயகம் வந்த வேலையையே மறந்துவிட்டார். "முழுசா இருக்கற துணிய எதுக்கு வெட்டறீங்க?"

"ஒட்டறதுக்குங்க" என்றார் அர்ச்சுனன்.

"எதுக்கு ஒட்டறீங்க?"

"வெட்டிட்டமே?"

"ஊர்ப் பழந்துணி பூரா உங்ககிட்டதான இருக்குது?"

"இருக்குதுங்க." அர்ச்சுனன் பூட்டியிருந்த ஓர் அறையைப் பெருமையாகக் காட்டினார். "ஒரு நூல் கொறையல. அது இருப்புங்க. மாவட்டத்துலயே நம்ம மன்றத்துக்குத்தான் பழந்துணி இருப்பு அதிகம்னு இயக்குநர் அம்மாவே பாராட்டியிருக்காங்க. வெட்டித் தெச்சா இருப்பு கொறஞ்சிரும். பேரு போயிரும். அதனால புதுத்துணி வாங்கறம்."

பெரியநாயகம் தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்துக்கு வந்தார். மகள், வயிறு, வேட்டி எல்லாவற்றையும் சொன்னார். அர்ச்சுனன் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டு முடித்ததும் கண் கலங்கினார். அவர் இளகிய மனசுக்காரர், அதில் குறை சொல்லக் கூடாது.

"எனக்கும் பேத்தி இருக்குதுங்க. ஆனா உங்க வூட்டுல இருந்தவரைக்கும் அது வேட்டி. இந்தப் படி ஏறிட்டா மூலப்பொருள். மூலப்பொருள யாருக்கும் குடுக்கற அதிகாரம் எனக்கு இல்லிங்க. வெள்ளிக்கெழம கூட்டத்துல வந்து கேளுங்க."

"ரூம்பத் தொறந்தா நானே எடுத்துக்கறன்."

"சாவி தலைவி அம்மாகிட்டங்க."

"அவங்களக் கேக்கறன்."

"அவங்க என்னையக் கேட்டுத்தான் குடுப்பாங்க. நான் கூட்டத்தக் கேட்டுத்தான் சொல்லுவன்."

தோற்றுத் திரும்பிய பெரியநாயகம் வேறு பழந்துணியாவது கிடைக்குமா என்று நாலு வீடு ஏறினார். ஒரு கந்தல் இல்லை. புதுத் துண்டைக் கிழித்துச் சட்டி இறக்கிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. இன்னொரு வீட்டில், கால் புண்ணாகிக் கிடந்த கிழவனுக்குக் கல்யாணத்துக்கு எடுத்த ஜரிகை அங்கவஸ்திரத்தைக் கட்டியிருந்தார்கள். அவன் ராஜா மாதிரி படுத்து முனகிக்கொண்டிருந்தான். ஊர் முன்னேறித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டம் ஊசி வணக்கத்தோடு தொடங்கியது. ஒரு தலையணையில் குத்தியிருந்த பெரிய கோணி ஊசிக்கு எல்லாரும் எழுந்து நின்று அமைதி காத்தார்கள். பிறகு நூல் கோக்கும் வைபவம். தலைவி தங்கம்மாளுக்குக் கண் சரியாகத் தெரியாது. அவர் நூலை வைத்துக்கொண்டு ஊசிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குத்தினார். கூட்டம் மூச்சுவிடாமல் காத்திருந்தது. பக்கத்தில் இருந்தவள் பார்க்க முடியாமல் ஊசியை நகர்த்தி நூலுக்குள் விட்டாள். கைதட்டல் ஓய்ந்ததும் தங்கம்மாள் பேசினார்.

"உறுப்பினர்களே! நான் எந்த வேலையும் செய்யாத குடும்பத்துல பொறந்தவ. அப்பிடிப்பட்ட நான் இன்னிக்கு உங்களோட சரிசமமா ஒக்காந்திருக்கறன்னா அதுக்கு இந்தக் கலைதான் காரணம்." அவர் உட்கார்ந்திருந்தது நாற்காலியில். மற்றவர்கள் தரையில். "மின்ன நீங்க குளுருக்காகத் தெச்சீங்க. அது சுயநலம். இப்ப மன்றத்துக்காகத் தெக்கறீங்க. போன மாசம் தெச்ச போர்வையில ஒண்ணையாவது யாராவது போத்தினீங்களா? இல்ல. அதுதான் முன்னேற்றம். பீரோவுல எவ்வளவு அழகா இருக்குது!"

"குளுருதுங்கம்மா" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். அதைக் கேள்வி நேரத்தில் கேட்கும்படி அர்ச்சுனன் கேட்டுக்கொண்டார்.

பெரியநாயகத்தின் முறை வந்தது. எழுந்து நின்று மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். ஊர்ப்பெண்கள் முன்னால் மகளின் செத்த பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது அவருக்கு வாயில் மண் அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். "குடுத்துருங்கம்மா, பாவம்" என்று குரல்கள் எழுந்தன. தங்கம்மாளே மூக்கை உறிஞ்சினார். வேட்டியைத் திருப்பித் தருவது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று.

பெரியநாயகம் கையை நீட்டினார்.

"பொறுங்க" என்றார் அர்ச்சுனன். "இந்த மன்றத்துக்குள்ள துணி வரலாம். வெளிய போறது போர்வை மட்டுந்தான். துணியத் துணியாவே குடுத்தா, அப்பறம் நாம எதுக்கு இருக்கறம்? அதனால பெரியவரோட வேட்டியக் கொழந்தைக்கு ஏத்த போர்வையாத் தெச்சுக் குடுப்பம். இது மன்றத்தோட அன்பளிப்பு."

"எனக்குப் போர்வ வேணாம். வேட்டி குடு."

"போர்வைக்குள்ள வேட்டி இருக்குமுங்களே!"

எல்லாரும் கைதட்டினார்கள். அன்பளிப்பு வாங்கப்போகிற தன்னைத்தான் பாராட்டுகிறார்கள் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் பெரியநாயகத்துக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் தினமும் மன்றத்துக்குப் போய், சிமெண்டுத் தரையில் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். யாரையும் நம்பி விட்டுவிட்டு வர அவரால் முடியவில்லை. இருக்கிற ஒற்றை வேட்டியை ராத்திரி துவைத்துக் காயப்போட்டுக் காலையில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். வேலை நடந்தது. ஆனால் நகரவில்லை. மன்றப் போர்வையில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு வரி தைத்தே ஆக வேண்டும் என்று விதி. தையல் நேராக ஓட வேண்டும் என்று ஒரு கோஷ்டி, குறுக்கே ஓட வேண்டும் என்று ஒரு கோஷ்டி. நேர்க்கோஷ்டிக்காரிகள் காலையில் தைத்ததைக் குறுக்குக்கோஷ்டிக்காரிகள் மத்தியானம் பிரித்தார்கள். ரேஷன் கடைச் சுவரில் மன்றத்துக்கென்று ஒரு கரும்பலகை உண்டு. அதில் அர்ச்சுனன் விடாமல் செய்தி எழுதினார். 'மழலைப் போர்வை: இரண்டாம் வரி வெற்றிகரமாகப் பிரிக்கப்பட்டது.' பெரியநாயகம் எழுத்துக் கூட்டிக் கூட்டி அதை வாசித்துவிட்டு, துப்புவதற்கு இடம் தேடினார்.

வீட்டில் சகாயமேரி ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"வந்துருமாப்பா?"

"வரும்" என்பார். அவர் ஆயுசில் தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல் சொன்னது அதுதான் முதல்தடவை. அவள் அந்த ஒரு வார்த்தையை நம்பி ரெண்டு வாய் சாப்பிடுவாள்.

கடைசியில் கோஷ்டிகள் சமாதானமாயின. நேராகவும் தைப்பது, குறுக்காகவும் தைப்பது, மூலைக்கு மூலையும் தைப்பது. இயக்குநர் அம்மா மழலைப் போர்வையின் திறப்பு விழாவுக்கு வருவதாகத் தகவல் வந்ததும் எல்லாரும் பேயாய்த் தைத்தார்கள். விழா அன்றைக்குக் காலையிலேயே சகாயமேரிக்கு வலி கண்டுவிட்டது.

தீர்த்தம்மாளைக் கூப்பிட மருமகள் ஆரோக்கியம் ஓடினாள். தீர்த்தம்மாளோ மேடையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தாள். மன்றத்துக்குக் காரணமான போர்வையைத் தைத்தவள் அல்லவா?

"விழா முடியட்டும்மா, போலாம்" என்றார் அர்ச்சுனன்.

"வவுத்துல இருக்கறதுகிட்ட நீயே வந்து சொல்லுய்யா, விழா முடியட்டும்னு!" குத்துவிளக்குத் திரியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தீர்த்தம்மாள் இறங்கி நடந்தாள்.

மேடையில் இயக்குநர் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "அப்படியானால் விழாவை அங்கேயே வைத்துக்கொள்ளலாமே! குழந்தை பிறந்த உடனே நம் போர்வையில் ஏந்தும் காட்சி. போட்டோகிராபர் இருக்கிறாரா?"

இருந்தார்.

உச்சி வெயிலில் ஊர்வலம் பெரியநாயகத்தின் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. முன்னால் மைக்செட் ஏற்றிய மாட்டுவண்டி, அப்புறம் தாம்பாளத்தில் போர்வை, அப்புறம் குடைக்குக் கீழே இயக்குநர் அம்மா. உள்ளே சகாயமேரி பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற சத்தம். வெளியே மைக்கில் "அலோ, அலோ, ஒன், டூ."

பெரியநாயகம் தாம்பாளத்திலிருந்து போர்வையை எடுத்தார். மேலே பளபளவென்று ரோஸ் சாட்டின். திருப்பினார். கீழேயும் சாட்டின். ஓரமெல்லாம் ஜரிகை நாடா. கஞ்சி போட்ட துணி கையில் மொடமொடவென்றது.

"என் வேட்டி எங்க?"

"உள்ள இருக்குதுங்க" என்றார் அர்ச்சுனன்.

"உள்ளன்னா?"

"நடுவுல. பொதியாட்டம் வெச்சுத் தெச்சிருக்குது. பழந்துணி வெளிய தெரிஞ்சா மன்றத்துக்கு மரியாதையா? எந்தப் போர்வையிலயும் பழச உள்ளதானுங்க வெப்பாங்க. அழுக்கு வேட்டிய அம்மா கையில எப்படிங்க குடுக்கறது?"

பெரியநாயகம் போர்வையைப் பிசைந்து பார்த்தார். உள்ளே மெத்தென்று ஏதோ இருந்தது. எட்டாத ஆழத்தில் இருந்தது.

"டேய், கொழந்தமேல படறதுக்குத்தாண்டா வேட்டி! இந்த மொறமொறப்பு பட்டா பச்சத்தோலு என்னாவும்?" கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவித் தையலில் மாட்டி இழுத்தார். ஒரு வரி அறுந்தது. அதற்கடியில் இன்னொரு வரி. அதற்குக் குறுக்கே ஒன்று. மூலைக்கு மூலை ஒன்று. மன்றம் தோன்றியதிலிருந்து அது உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்தத் தையல்தான். அரிவாள் வழுக்கி அவர் விரலைக் கிழித்தது. சாட்டினில் ரத்தம் சொட்டியது.

"ஐயோ, அம்மா போட்டோ புடிக்கறதுக்குள்ள கறையாயிருச்சே!" என்றார் தங்கம்மாள்.

"நாட்டுப்புற ஆவேசம்" என்று மெதுவாகச் சொல்லி இயக்குநர் அம்மா போட்டோகிராபரைப் பார்த்தார். அவர் ஒன்று எடுத்துக்கொண்டார்.

அப்போது உள்ளேயிருந்து தீர்த்தம்மாள் கத்தினாள். "துணி! துணி குடுங்க, வந்துருச்சு!"

யாரும் அசையவில்லை. ஊரில் இருந்த பழந்துணி அத்தனையும் பூட்டுக்குள்ளே இருந்தது. பெரியநாயகம் அறுபடாத போர்வையோடு விரலில் ரத்தம் ஒழுக நின்றார். வாசலுக்கு வந்த தீர்த்தம்மாள் போர்வையைப் பார்த்தாள், அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாய்யா முழிக்கற? இடுப்புல கட்டியிருக்கறது ஊரான் வேட்டியா? அவுரு!"

அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். ஈஸ்டருக்கு எடுத்த வேட்டி. மன்றத்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்தும், தினம் ராத்திரி துவைத்துத் துவைத்தும் அது வெங்காயச் சருகாக மெலிந்து போயிருந்தது. இயக்குநர் அம்மாவுக்கும், தலைவிக்கும், முழு மன்றத்துக்கும், மாட்டுக்கும் முன்னால் அவிழ்த்துக் கொடுத்துவிட்டுக் கோவணத்தோடு நின்றார். இயக்குநர் அம்மா குடையைத் தாழ்த்திக்கொண்டார்.

உள்ளே ஒரு சின்ன அழுகை கேட்டது. ரொம்பச் சின்னது. நின்றது. மறுபடி கேட்டது.

"அப்பா..." சகாயமேரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. "அந்த வேட்டிதானா?"

பெரியநாயகம் கதவோரம் போனார். "இல்லம்மா. அதை இவனுங்க பொதியா வெச்சுத் தெச்சுட்டானுங்க. இது நான் இப்பக் கட்டியிருந்தது."

பொய் சொல்லியிருக்கலாமோ என்று அவருக்குத் தோன்றியது.

"சூடா இருக்குதுப்பா" என்றாள் கொஞ்சம் பொறுத்து. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியவில்லை.

மைக் உயிர்பெற்றது. மன்றத்தின் இடைவிடாத முயற்சியால் இன்று ஒரு பெண் குழந்தை நலமாகப் பிறந்திருப்பதாக அர்ச்சுனன் அறிவித்தார். அந்த வேட்டி மன்றத் தரையில் உட்கார்ந்துதான் பதமானது, ஆகவே அதையும் மன்றத்தின் உற்பத்தியாகக் கருதலாம் என்று தங்கம்மாள் சொன்னார். குழந்தைக்குத் தேவை முடிந்ததும் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்றார் இயக்குநர் அம்மா. எல்லாரும் கைதட்டினார்கள்.

பெரியநாயகம் கொடியில் கிடந்த ஒரு சாக்கை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆட்டுப்பட்டிப் பக்கம் நடந்தார். சகாயமேரிக்குக் காய்ச்சிக் கொடுக்கக் கொஞ்சம் பால் கறக்க வேண்டும். அர்ச்சுனன் மைக்கைத் தூக்கிக்கொண்டு, ஒயர் எட்டுகிறவரைக்கும் பின்னாலேயே ஓடிவந்தார்.

"பெரியவரே, ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. மன்றத்தால எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு."

"கொழந்த பால் குடிச்சிருச்சா?"

"அது... அது நம்ம மன்றத்து வேலை இல்லிங்களே."

"ஒரு வாரம் தாண்டுமா?"

அர்ச்சுனன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அப்பறம் என்னய்யா முடிஞ்சுது?" என்று சொல்லிவிட்டு, சாக்கை ஒரு கையால் பிடித்தபடி பெரியநாயகம் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தார்.